சிக்னல் இல்லாத திரை

தமிழ்நாட்டு அரசாங்கம் 2006-ஆம் ஆண்டில் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையும், 2011-ஆம் ஆண்டு தொடங்கி மேல்நிலைப்பள்ளி, கல்லூரி மாணாக்கருக்கு லேப்டாப்பையும் இலவசமாக வழங்கத் தலைப்பட்டதன் பயனாக, வருசநாட்டு மலைகளிலிருந்து மூல வைகை இறங்கி வரும் வழியில், தென்னையும் இலவமரமும் சூழ அமைந்த கடமலைக்குண்டு போன்ற ஊர்களில், இவ்விரண்டு சாதனங்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. ஆயினும் ஒன்றன் படத்தை மற்றொன்றில் பார்ப்பது அத்தனை சுலபமான காரியமாக இருக்கவில்லை. லேப்டாப்பில் இருந்த நீல நிற வி.ஜி.ஏ. போர்ட், 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கம்ப்யூட்டருக்கென்றே வகுத்த 15 பின் இணைப்பு; படக்குழாய்ப் பெட்டியோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. வயர்களை மாத்திரமே அறிந்தது. இடையே ஒரு கன்வெர்ட்டரை வைத்துச் சேர்த்தவர்களுக்கும் சினிமா ஓடிற்றே தவிர எழுத்துப் படிக்கக் கிடைக்கவில்லை. நம் தேசத்துப் பழைய ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்குரிய 625 கோடுகளில் கண்ணுக்குப் புலப்படுவன 576-தான் என்னும்போது, பொடி எழுத்து அதில் எங்கே நிற்கும்?

அந்தக் காலம் கழிந்துவிட்டது. இப்போது கூடத்துச் சுவரில் தொங்குவது 32 அங்குல எல்.இ.டி. டி.வி.; மகன் அசெம்பிள் செய்து கொண்டுவந்த கம்ப்யூட்டரில் ஒரு கிராபிக்ஸ் கார்டு; இரண்டிலும் 2002-ஆம் ஆண்டு டிசம்பரில் ஏழு நிறுவனங்கள் கூடி வெளியிட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் அதே 19 பின் போர்ட். தனியாக மானிட்டர் வாங்கும் செலவு மிச்சம் என்று கேபிளைச் செருகினால், டி.வி. ‘நோ சிக்னல்’ என்று எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. சீரியல் பார்க்கக் காத்திருக்கும் தாயார், “ஏய்யா, டி.வி.யக் கெடுத்துப்புட்டியா?” என்று கேட்கிறார். மகனுக்கோ கார்டின் மீது சந்தேகம். பெரும்பாலும் இரண்டுமே நிரபராதிகள் என்பதுதான் என் அபிப்பிராயம்.

படம் புறப்படுவதற்கு முன்னால் அந்தக் கேபிளுக்குள் ஒரு சம்பாஷணை நடந்தாக வேண்டும். கார்டு 18-ஆம் பின் வழியே 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்புகிறது, டி.வி. அதைக் கண்டு 19-ஆம் பின்னில் பதில் காட்டித் தான் இருப்பதை அறிவிக்கிறது. உடனே 15, 16-ஆம் பின்களின் வழியாகக் கார்டு, டி.வி.க்குள் ஒரு சிறு சிப்பில் எழுதி வைத்திருக்கும் 128 பைட் குறிப்பையும் அதன் தொடர்ச்சியையும் படித்து, இந்தத் திரை எத்தனை புள்ளிகளை ஏற்கும், விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும், ஒலியையும் வாங்கிக்கொள்ளுமா என்பனவற்றைத் தெரிந்துகொள்கிறது. ரேஷன் கடையில் கார்டின் வகையைப் பார்த்த பிறகே அரிசியா சர்க்கரையா என்று சரக்கு நிறுப்பதைப்போல, இந்தக் குறிப்பைப் பார்த்த பிறகே படம் அளந்து அனுப்பப்படுகிறது. பின் ஒன்று சரியாகத் தொடாவிட்டாலும், டி.வி. விழிப்பதற்குள் கம்ப்யூட்டர் விழித்துவிட்டாலும் இந்தப் பேச்சு முறிகிறது. கார்டும் நல்லது, டி.வி.யும் நல்லது, திரை மாத்திரம் இருட்டு.

கரண்ட் போய் வரும் ஊர்களில் இந்தப் பிந்திய தகராறு சகஜம். மின்சாரம் திரும்பியதும் கம்ப்யூட்டர் தானாகக் கிளம்பிவிட, டி.வி. ரிமோட்டுக்குக் காத்துத் தூங்கிக்கொண்டிருக்குமானால், சில மாடல்களில் கார்டுக்கு எதிர்முனையில் ஒருவரும் இருப்பதாகத் தோன்றுவதில்லை. டி.வி.யை முதலில் போட்டு, எந்த எச்.டி.எம்.ஐ.யில் கேபிள் இருக்கிறதோ அதே எண்ணை ரிமோட்டின் சோர்ஸ் பட்டனில் தேர்ந்துகொண்டு, அதன்பின் கம்ப்யூட்டரைப் போடுவதே இதற்கு நிவர்த்தி.

இன்னொரு தவறு அதைவிட எளிது; எளிது என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. சி.பி.யு.வின் முதுகில் எச்.டி.எம்.ஐ. போர்ட்டுகள் இரண்டு இடங்களில் இருக்கும்: யு.எஸ்.பி. போர்ட்டுகளின் கூட்டத்தில் இருப்பது மதர்போர்டுக்குரியது, அதற்குக் கீழே தனியாகக் கிடைமட்டமாக இருப்பது கார்டுக்குரியது. கார்டு மாட்டியவுடன் மதர்போர்டின் போர்ட் பல இயந்திரங்களில் தானே ஓய்ந்துவிடும். இன்டெல் பிராசஸரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்திருந்தாலோ அந்தப் போர்ட்டுக்கு எக்காலத்திலும் உயிரே கிடையாது. கண்ணுக்கு முதலில் படுவது அதுவாகையால் கேபிள் அங்கேதான் போய்ச் சேருகிறது.

டி.வி. சொல்வதைச் சற்றுக் கூர்ந்து கவனித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ‘நோ சிக்னல்’ என்றால் ஒன்றுமே வந்து சேரவில்லை. ‘மோட் நாட் சப்போர்ட்டட்’ என்றால் வந்திருக்கிறது, ஆனால் திரையின் சக்திக்கு மீறி வந்திருக்கிறது. 75 ஹெர்ட்ஸில் ஓடிய பழைய மானிட்டரின் அமைப்பு மாறாமல் 60 ஹெர்ட்ஸ் டி.வி.யிடம் வருவது இதற்கு உதாரணம். போட்டவுடன் கம்பெனி லோகோ தெரிந்து, விண்டோஸ் தொடங்கும் தறுவாயில் திரை இருண்டால், கேபிளும் போர்ட்டும் சுத்தம் என்று தீர்ப்பளித்துவிடலாம். பிழை டிரைவரிலோ ரெசல்யூஷனிலோ இருக்கிறது, சேஃப் மோடில் நுழைந்து திருத்த வேண்டும். வெறும் வால்பேப்பர் மாத்திரம் தெரிந்து ஐகான் எதுவும் இல்லையென்றால் அது பழுதே அன்று: டி.வி. இரண்டாம் திரையாகக் கருதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தால் தீர்ந்தது. லோகோகூட வராமல், ஃபேன் மாத்திரம் சுழல்கிறதென்றால், கார்டுக்கு, மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரவேண்டிய தனி மின்வயர் செருகியிருக்கிறதா என்று பார்த்து, ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டிப் பார்க்கலாம்.

இதுவரை சொன்னவை எல்லாம் நஷ்டமில்லாத தொல்லைகள். இனிச் சொல்லப்போவது போர்ட்டையே எரித்துவிடக்கூடியது. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறுகிற அனுபவம் பலருக்கும் இருக்கும். அதை ‘லேசான ஷாக்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மின்சார இரைச்சலை வடிகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் வைத்துள்ள கெப்பாசிட்டர்கள், வீட்டில் எர்த் இணைப்பு இல்லாதபோது, ஏறக்குறைய 115 வோல்ட் அழுத்தத்தைப் பெட்டியின் உடலில் ஏற்றி வைக்கின்றன. மின்னோட்டம் மிகச் சொற்பம், ஆகவே மனிதனுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஆனால் மறுமுனையில் டி.வி.யின் உடல், கேபிள் டி.வி.க்காரரின் வயர் மூலம் தெருவெல்லாம் ஓடும் உறையோடு பிணைந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகுகிற அந்த க்ஷணத்தில், வெளி உறை தொடுவதற்கு முன் உள்ளே ஒரு பின் தொட்டுவிட்டால், அந்த மின்னழுத்த வித்தியாசம் முழுதும் 5 வோல்ட்டுக்கென்று அமைந்த நுண்ணிய சிப்பின் வழியே பாய்கிறது. அதன்பின் டி.வி.யில் சேனல் தெரியும், மற்ற போர்ட்டுகள்கூட வேலை செய்யும், அந்த ஒரு போர்ட் மாத்திரம் செத்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கேபிள் வயர் வழியாக வரும் மின்னலின் தாக்குதலோ போர்ட்டோடு நிற்பதில்லை. ஆகவே இரண்டு பிளக்குகளையும் சுவரிலிருந்து பிடுங்கி, கேபிள் டி.வி. வயரையும் கழற்றிவிட்டு, எச்.டி.எம்.ஐ.யைச் செருகிய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை ஒடித்து இரண்டு ஓட்டைச் சாக்கெட்டில் திணிக்கும் நம்மவர் சாமர்த்தியத்தைக் கம்ப்யூட்டர் விஷயத்திலாவது கைவிடலாம்.

படம் வந்த பிறகும் ஒரு குறை எஞ்சும்: கீழேயிருக்கும் டாஸ்க்பார் திரைக்கு வெளியே போயிருக்கும். படக்குழாய்க் காலத்தில் ஓரங்கள் கோணலாக இருந்ததால் அவற்றைச் சட்டத்துக்குப் பின்னால் மறைக்கும் பழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தைத் தட்டைத் திரைகளும் காரணமின்றிப் பின்பற்றுகின்றன. டி.வி.யின் பட அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஏதேனும் ஒரு பெயரில் இதற்கு மாற்று இருக்கும். எச்.டி.எம்.ஐ. இன்புட்டுக்கு ‘பி.சி.’ என்று பெயர் மாற்றினால் சில டி.வி.க்களில் எழுத்தும் தெளிகிறது. 4கே டி.வி. வைத்திருப்போர், படம் மினுக்கினால் ரெசல்யூஷனைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். 60 ஹெர்ட்ஸ் 4கே படத்துக்கு விநாடிக்கு 18 கிகாபிட் வரை ஏற்கும் கேபிள் தேவை, மலிவுக் கேபிள் அதைத் தாங்காது.

எதற்கும் படியாவிட்டால், சி.பி.யு.வைத் தேனிக்குப் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன், அதே கேபிளை செட்டாப் பாக்ஸில் செருகிப் பார்ப்பதும், பக்கத்து வீட்டு டி.வி.யில் கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பார்ப்பதும் காசில்லாத பரீட்சைகள். பிறகும் போக நேர்ந்தால் கேபிளையும் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். கடையில் அவர்களுடைய கேபிளில் படம் பளிச்சென்று வந்து, வீடு திரும்பியதும் மறுபடி ‘நோ சிக்னல்’ காட்டினால் பஸ் சார்ஜ் வீண்தானே.