இஞ்சின் மாற்றமும் புணர்ச்சி விதியும்

பல ஆண்டுகள் உழைத்த மோட்டார் சைக்கிளில் பிஸ்டனின் வளையங்களும் சிலிண்டரின் சுவரும் தேய்ந்து போகின்றன. எண்ணெய் மேலேறி எரிகிறது. புகை நீல நிறமாக வெளிப்படுகிறது. மேட்டில் வண்டி திணறுகிறது. ஆனால் வண்டியின் சட்டமோ துருவேறாமல் உறுதியாகவே இருக்கும். வேறொரு வண்டியில் நிலைமை நேர்மாறாக இருக்கலாம். சட்டம் விபத்தில் வளைந்திருக்கும். இஞ்சின் பழுதின்றி இருக்கும். இதில் உள்ள நல்லதையும் அதில் உள்ள நல்லதையும் சேர்த்து ஒரே வண்டியாக்குவதே இஞ்சின் மாற்றம் எனப்படும். பட்டறைகளில் மட்டுமன்றி, வீட்டை ஒட்டிய கொட்டகைகளிலும் இளைஞர்கள் விடுமுறை நாள்களில் இவ்வேலையைச் செய்வதுண்டு.

இதில் இறங்குவோர் பெரும்பாலும் இஞ்சினின் வலிமையையே எண்ணிப் பார்க்கின்றனர். வேலையின் அருமையோ இஞ்சினுக்குள் இல்லை. இஞ்சினும் வண்டியும் ஒன்றையொன்று தொடும் இடங்களிலேயே அது இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு இக்கருத்து புதிதன்று. இரண்டு சொற்கள் சேரும்போது மாற்றம் நிகழ்வது நிலைமொழியின் ஈற்றிலும் வருமொழியின் முதலிலும் அன்றோ?

நன்னூலார் வகுத்த முறையை இங்கு நினைவுகூரலாம். வாழை என்பதோடு மரம் சேர்ந்தால் வாழைமரம். இங்கு எம்மாற்றமும் இல்லை. ஆதலின் இஃது இயல்பு புணர்ச்சி. வாழைப்பழம் என்னும்போது ஒரு பகரமெய் புதிதாக வருகிறது, இது தோன்றல். பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆகும்போது லகரம் றகரமாகிறது, இது திரிதல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரமெய் மறைகிறது, இது கெடுதல். இம்மூன்றும் விகாரப் புணர்ச்சியின் வகைகள். வண்டிச் சட்டத்தை நிலைமொழியாகவும், புதிதாக வரும் இஞ்சினை வருமொழியாகவும் கொண்டால், இஞ்சின் மாற்றத்தின் வகைகளும் இவையே என்பது விளங்கும்.

இஞ்சினும் வண்டியும் சந்திக்கும் இடங்கள் ஆறு. முதலாவது, இஞ்சினைச் சட்டத்தோடு பிணைக்கும் மரையாணிகள். இரண்டாவது, இஞ்சினின் பற்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்குச் செல்லும் சங்கிலி. மூன்றாவது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர். நான்காவது, புகைக்குழாய். ஐந்தாவது, மின்கம்பிகள். ஆறாவது, விசைக்கைப்பிடி, கிளட்ச், கியர் முதலியவற்றை இயக்கும் கம்பிவடங்களும் நெம்புகோல்களும். இந்த ஆறும் ஒத்துவந்தால் வேலை எளிது. ஒன்று ஒவ்வாவிடினும் அவ்விடத்தில் விகாரம் வேண்டியதாகிறது.

இயல்பு புணர்ச்சிக்குச் சற்றேறக்குறைய நிகரானதோர் எடுத்துக்காட்டு மலேசியச் சாலைகளிலேயே உண்டு. 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் வண்டியையும் அதன் வழிவந்தவற்றையும் அறியாதார் இலர். 2017ஆம் ஆண்டில் இவ்வண்டியின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தொட்டது. இவற்றின் இஞ்சினில் சிலிண்டர் ஏறக்குறையப் படுக்கைவாட்டில் முன்னோக்கி நிற்கும். இஞ்சினின் பின்புறத்தை ஊடுருவும் இரண்டு நீண்ட மரையாணிகளே அதைச் சட்டத்தோடு பிணைக்கின்றன. 1966க்குப் பின் வந்த 50, 70, 90 வகை இஞ்சின்களிலும், பின்னாளில் வந்த 97 கன செண்டிமீட்டர் இஞ்சினிலும் அவ்விரு துளைகளின் இடைவெளி பொதுவாக ஒன்றே. ஆகவே ஒன்றைக் கழற்றிய இடத்தில் மற்றொன்று பொருந்தி உட்காருகிறது.

இவற்றின் கொள்ளளவை மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 வகையில் சிலிண்டரின் விட்டம் 39 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தொலைவு 41.4 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பைத் தொலைவால் பெருக்கினால் ஏறக்குறைய 49 கன செண்டிமீட்டர் கிடைக்கும். 70 வகையில் தொலைவு மாறவில்லை. விட்டம் மட்டும் 47 மில்லிமீட்டர் ஆயிற்று. கொள்ளளவு 72 கன செண்டிமீட்டர். விட்டம் 50, தொலைவு 49.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால் 97 வரும்.

மரையாணி பொருந்திவிட்டதால் எல்லாம் பொருந்திவிட்டதாகக் கொள்ளலாகாது. பழைய வண்டிகள் பல 6 வோல்ட் மின்சாரத்தில் இயங்கியவை. பிந்தியவை 12 வோல்ட். மின்சாரத்தை உண்டாக்கும் பகுதி இஞ்சினுக்குள்ளேயே இருப்பதால், புதிய இஞ்சின் தன் மின்னழுத்தத்தையும் உடன் கொண்டுவருகிறது. பழைய விளக்குகளையும் பேட்டரியையும் மாற்றாமல் விட்டால் அவை கெட்டுப்போகும். தீப்பொறி உண்டாக்கும் முறையும் வேறாக இருக்கலாம். பழையதில் திறந்து மூடும் தொடுமுனைகள் அவ்வேலையைச் செய்தன. புதியதில் மின்னணுப் பெட்டி செய்கிறது. ஆகவே கம்பிகளில் திரிதலும், பெட்டி பொருத்துவதில் தோன்றலும் உண்டு.

முழு விகாரத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டின் 1950களின் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். நார்ட்டன் நிறுவனத்தின் பந்தய வண்டிக்கு, பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த ரெக்ஸ் மெக்கண்ட்லெஸ் என்பவர் புதியதொரு சட்டத்தை வகுத்தார். இரண்டு எஃகுக் குழாய்கள் இஞ்சினைச் சுற்றி இரட்டை வளையமாக வந்து முன்கழுத்தில் ஒன்றையொன்று கடக்கும் அமைப்பு அது. அதன்மேல் செல்வது இறகுமெத்தையில் செல்வது போன்றது என்று ஓட்டிய வீரர் ஒருவர் சொன்னதால், ‘ஃபெதர்பெட்’ என்ற பெயரே அதற்கு நிலைத்தது. 1950ஆம் ஆண்டு மேன் தீவில் நடந்த சீனியர் டிடி பந்தயத்தில் ஜெஃப் டியூக் அவ்வண்டியில் வென்றார்.

அக்காலத்தில் 500 கன செண்டிமீட்டர் இஞ்சின் பூட்டிய சிறு பந்தயக் கார்களும் ஓடின. அவற்றைச் செய்தவர்கள் நார்ட்டன் இஞ்சினை விரும்பினர். இஞ்சின் தனியே எளிதில் கிடைக்காததால், முழு வண்டியை வாங்கி இஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டனர். எஞ்சிய சட்டங்கள் இஞ்சினின்றிக் கிடந்தன. மற்றொரு பக்கம், ட்ரையம்ஃப் நிறுவனத்தின் இரட்டைச் சிலிண்டர் இஞ்சின் விரைவுக்குப் பெயர்பெற்றது. உதிரிப் பாகங்களும் தாராளமாகக் கிடைத்தன. ஆனால் அதன் சட்டம் வளைவுகளில் நார்ட்டனின் சட்டத்துக்கு ஈடாகவில்லை. நார்ட்டன் சட்டத்தில் ட்ரையம்ஃப் இஞ்சினைப் பூட்டினால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. அவ்வாறு பிறந்த வண்டியே ‘ட்ரைட்டன்’. ட்ரையம்ஃப், நார்ட்டன் என்னும் இரு பெயர்களும் எழுத்துகள் கெட்டுச் சேர்ந்தே அப்பெயரும் பிறந்தது!

இவ்வண்டியில் மூவகை விகாரமும் ஒருங்கே நிகழ்ந்தன. மரப்பெட்டி என்னும் சொல்லில் மகரம் கெட்டுப் பகரம் தோன்றியதைப் போல. நார்ட்டன் இஞ்சினைத் தாங்கிய பழைய தகடுகள் நீங்கின; இது கெடுதல். அவற்றின் இடத்தில் அலுமினியக் கலவையிலோ எஃகிலோ வெட்டிய புதிய தகடுகள் வந்தன, இது தோன்றல். புகைக்குழாயும் எண்ணெய்த் தொட்டியும் இடத்துக்கேற்ப வேறு வடிவம் பெற்றன, இது திரிதல். 1963க்கு முந்திய 650 வகை ட்ரையம்ஃபில் இஞ்சினும் கியர்ப்பெட்டியும் தனித்தனி உறுப்புகள். ஆகவே தகடுகளில் துளையிடும்போது இரண்டின் இடத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருந்தது. துளை சற்றே விலகினாலும் சங்கிலி நேர்கோட்டில் ஓடாது.

இத்தகைய வண்டிகளை வீட்டுக் கொட்டகையில் செய்தோர் பலர். தொழிலாகவே செய்தோரும் உண்டு. அவர்களுள் ஒருவரான டேவ் டீகன்ஸ், 1965ஆம் ஆண்டில் பார்சலோனாவில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், ரெக்ஸ் புச்சரோடு மாறி மாறித் தம் ட்ரைட்டனை ஓட்டி வென்றார். ஒரு நாள் முழுதும் ஓடி வென்றதெனின், இணைப்பு எத்துணைச் செம்மையாக அமைந்திருக்க வேண்டும் என்பதை உணரலாம்.

இனி, வேலையின் ஒழுங்கைக் காணலாம். கழற்றுமுன் அளப்பதே முதற்பணி. புதிய இஞ்சினின் துளைகள், அச்சு, பற்சக்கரத்தின் இடம் ஆகியவற்றை அளந்து பழையதோடு ஒப்பிட வேண்டும். அதன்பின் பேட்டரி இணைப்பை நீக்கி, பெட்ரோலை வடித்து, மூடிய கலத்தில் வெளியே வைக்க வேண்டும். பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து தொலைவிலுள்ள நெருப்பையும் எட்டும். கழற்றும் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் அடையாளச் சீட்டுக் கட்டுவது நன்று. மரையாணிகளைக் கழற்றிய வரிசையில் தனித்தனி டப்பாக்களில் இட்டு வைக்கலாம். இறுதி மரையாணியை உருவுமுன் இஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுப்பது இன்றியமையாதது.

புதிய இஞ்சினை ஏற்றியதும் எல்லா மரையாணிகளையும் கையால் மட்டும் திருகி, ஒவ்வொன்றும் தடையின்றி நுழைகிறதா எனப் பார்த்தல் வேண்டும். அதன்பிறகே கையேடு கூறும் அளவுக்கு முறுக்கலாம். சம்மட்டியால் அடித்து ஏற்றிய மரையாணி, பொருத்தம் இன்மைக்குச் சான்று. சங்கிலியின் நேர்மையை அறிய நேரான சட்டமொன்றைப் பற்சக்கரத்தின் பக்கத்தில் வைத்துப் பின்சக்கரத்துப் பல் வரை நோக்கலாம். கோணலாக ஓடும் சங்கிலி பல்லைத் தின்னும். ஒரு நாள் கழன்று சக்கரத்தையும் பூட்டிவிடும். இஞ்சினில் எண்ணெய் ஊற்றிய பின்னரே முதன்முறை இயக்க வேண்டும். அதுவும் திறந்த வெளியில். மூடிய கொட்டகையில் இஞ்சின் ஓடினால் அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

இவ்வளவும் செம்மையாக முடிந்த பின்பும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. வருமொழியை நிலைமொழி தாங்குமா? ட்ரைட்டனைச் செய்தோர் வலிய இஞ்சினை அதனினும் சிறந்த சட்டத்தில் பூட்டினர். சிறு வண்டியில் பெரிய இஞ்சின் பூட்டும் இளைஞன் இதற்கு எதிரான வழியில் செல்கிறான். 50 வகை வண்டியின் சிறிய பிரேக், அந்த வண்டியின் விரைவுக்கென அமைக்கப்பட்டது. ஓடும் பொருளின் ஆற்றல் விரைவின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்வது. மணிக்கு 50 கிலோமீட்டரில் சென்ற வண்டி 70 கிலோமீட்டரில் செல்லுமாயின், விரைவு ஐந்துக்கு ஏழாகவே கூடியது; ஆற்றலோ 25க்கு 49 ஆகிவிட்டது. ஏறக்குறைய இருமடங்கான இச்சுமையை அதே பழைய பிரேக் அடக்க வேண்டும். இஞ்சினை மாற்றி மகிழ்ந்தவன் இக்கணக்கைச் சாலையில் திடீரென ஒரு குழந்தை குறுக்கிடும்போது கற்றுக்கொள்ள நேரலாகாது. இஞ்சின் பெரிதாகுமெனின் பிரேக்கும், சக்கரமும், அதிர்வு தாங்கிகளும் அதற்கேற்ப மாறியாக வேண்டும்.

சட்டத்தின் மற்றொரு பொருளும் இங்கு உண்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வண்டியின் பதிவில் சட்டகத்தின் எண்ணோடு இஞ்சினின் எண்ணும் இடம்பெறுகிறது. இஞ்சினை மாற்ற, மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். ஒப்புதல் இல்லாத வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுப் பணமும் மறுக்கப்படலாம். பழைய இஞ்சினை வாங்குவோர் அதன் எண்ணையும் விற்பவரின் பற்றுச்சீட்டையும் ஒத்துப்பார்ப்பது கடமை. எண் அராவப்பட்டிருந்தால் அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம்.

ஆதலின் ஸ்பானரைக் கையிலெடுக்குமுன் தாளொன்றை எடுத்து, சந்திக்கும் ஆறு இடங்களையும் எழுதி, எங்கே தோன்றல், எங்கே திரிதல், எங்கே கெடுதல் எனக் குறித்துக்கொள்வது முறை. இலக்கண வகுப்பில் சலித்து உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கும் இவ்வழியே புணர்ச்சி விதி மனத்தில் பதியக்கூடும். கணக்கிடாமல் இறங்குபவனுக்கும் ஒரு கெடுதல் காத்திருக்கிறது. அது நன்னூலார் சொன்ன கெடுதல் அன்று. உலகோர் சொல்லும் கெடுதல்.