நான்கு சக்கரங்களின் கணக்கு

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகு, சுக்குக் கிடங்குகளில் மூட்டையை நிறுக்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. பல இலட்சம் கொடுத்து வாங்கும் காரையோ நாம் நிறுத்துப் பார்ப்பதில்லை. அதன் மொத்த எடை பதிவுச் சான்றிதழில் இருக்கிறது. அவ்வெடையை நான்கு சக்கரங்களும் எவ்வாறு பகிர்ந்துகொள்கின்றன என்பது அதில் இல்லை.

நான்கு கால் மேசையொன்றை நினைத்துக்கொள்வோம். ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதத்தை வைத்தால், பாரம் அந்தக் காலிலும் அதற்கு மூலைவிட்டமான காலிலும் கூடும். மற்ற இரண்டிலும் குறையும். காரிலும் இதே நிலைதான். ஒரு மூலையின் ஸ்பிரிங் உயர்ந்தாலோ தளர்ந்தாலோ நான்கு சக்கரங்களின் பாரமும் மாறிவிடும்.

எடுத்துக்காட்டாக, 1,000 கிலோ எடையுள்ள ஒரு காரில் முன் இடது 310, முன் வலது 290, பின் இடது 190, பின் வலது 210 கிலோ எனக் கொள்வோம். இடப்பக்கம் 500, வலப்பக்கம் 500, குறை தெரியாது. மூலைவிட்டமாகக் கூட்டினால் முன் இடதும் பின் வலதும் சேர்ந்து 520. மற்ற இணை 480. இருப்பாய்வு சரியாக இருந்தும் ஏடுகளில் ஈடுசெய் பிழைகள் மறைந்திருப்பதை வணிகவியல் படித்தோர் அறிவர். இதுவும் அத்தகையதே.

இத்தகைய கார் வலப்புற வளைவில் திரும்பத் தயங்கி வெளியே விலகும். இடப்புற வளைவில் அதன் பின்பகுதி எளிதில் வழுக்கும். திடீரெனப் பிரேக் அழுத்தினால், பாரம் குறைந்த முன் சக்கரம் முதலில் பிடிப்பை இழக்கும். கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு வழியாகத் தேனிக்கு மழைக்காலத்தில் செல்வோர் இதை எளிதாக எண்ணலாகாது.

வீட்டிலேயே இதை அளக்க இயலும். குளியலறைத் தராசு ஒரு சக்கரத்தின் பாரத்தைத் தாங்காது. ஆதலால் 90 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒருபுறம் தராசையும் மறுபுறம் அதே உயரமுள்ள கட்டையையும் வைத்து, அவற்றின் மேல் உறுதியான மரச்சட்டத்தை இடவேண்டும். சட்டத்தின் எடை நீங்கத் தராசைப் பூச்சியமாக்கிக்கொள்ளலாம். கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டரில் சக்கரம் நின்றால், தராசு பாரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். 100 என்றால் 300 கிலோ. மற்ற மூன்று சக்கரங்களும் அதே உயரத்தில் நிற்பது இன்றியமையாதது. தரை சமமாகவும், டயர்களில் காற்று உரிய அளவிலும், ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு ஈடான அரிசிப் பைகளும் இருக்கட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் தடைக்கட்டை வைப்பதும், காரின் அடியில் யாரும் செல்லாதிருப்பதும் கட்டாயம்.

அளந்தபின் திருத்துவது எவ்வாறு? சென்னை இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்களில் ஓடும் பந்தயக் கார்களில் ஸ்பிரிங்கின் இருக்கையைத் திருகி உயரத்தை மாற்றலாம். குடும்பக் கார்களில் பொதுவாக அவ்வசதி இல்லை. ஸ்பிரிங்கை வெட்டுவதும், இடையில் துண்டு செருகுவதும் தவறு. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை வலியுறுத்தியது. விபத்து நேரின் காப்பீட்டுக் கோரிக்கையிலும் சிக்கல் எழக்கூடும்.

ஆகவே இவ்வளவீட்டை மருந்தாக அன்றி, நோயறியும் கருவியாகக் கொள்வதே நலம். மூலைவிட்ட வேறுபாடு மிகுதியாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது பழைய விபத்தில் அடிச்சட்டம் வளைந்திருக்கலாம். பழைய கார் வாங்கக் கடன் கோரும் வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: முன்பணம் கொடுக்குமுன் நம்பகமான பணிமனையில் நான்கு மூலைகளையும் நிறுத்துப் பாருங்கள். பளபளக்கும் வண்ணம் மறைப்பதை எடை மறைப்பதில்லை.