காருக்குள் இரண்டு காவல்

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கார் அலாரம், ரிமோட்டில் வண்டியைப் பூட்டிய நொடியில் விழித்துக்கொள்கிறது. கதவுகள், போனட், டிக்கி ஆகியவற்றில் சிறு சுவிட்சுகள் உண்டு. கதவைத் திறந்ததும் உள்விளக்கு எரிவது கதவுச் சுவிட்சால்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று இந்தச் சுவிட்சுகளை ஓயாமல் கவனிக்கிறது. ரிமோட்டிலிருந்து உத்தரவு வராமலே ஒரு கதவு திறந்தால், ஹாரன் அலறும். நான்கு இண்டிகேட்டர்களும் மின்னும். ஐரோப்பிய விதிகளின்படி இந்த அலறல் ஒரு தடவைக்கு 25 முதல் 30 வினாடிகள்.

திருடனே இல்லாமலும் அது கத்துவதுண்டு. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டிவிட்டால், அவர் கதவைத் திறந்ததும் கூச்சல் தொடங்கும். ஓசூரை அடுத்த தளி, அஞ்செட்டி பக்கத்து மண்சாலைகளில் ஓடும் வண்டியின் போனட் சுவிட்சில் சேறோ ஈரமோ ஏறினால், மூடியிருக்கும் போனட்டைத் திறந்ததாகப் பெட்டி எண்ணிக்கொள்ளும். சொந்த ரிமோட்டில் திறந்தாலோ, பெரும்பாலான கார்களில் சரியான சாவியைப் போட்டு இக்னிஷனைத் திருப்பினாலோ சத்தம் நின்றுவிடும். அடிக்கடி கத்துகிறதென்று ஒயரைப் பிடுங்குவது தவறு. சுவிட்சைத் துடைத்தோ மாற்றியோ பார்ப்பதே முறை.

இந்தக் காவலுக்கு எல்லை உண்டு. கண்ணாடியை உடைத்துக் கையை நுழைத்துப் பையை எடுத்தால் கதவு திறக்கவில்லை. சாதாரண அலாரத்துக்கு அது தெரியாது. உள்ளே அசைவை உணரும் அல்ட்ராசோனிக் சென்சாரும், வண்டியைத் தூக்கினால் அறியும் சாய்வு சென்சாரும் சில மாடல்களில் மட்டுமே வருகின்றன.

வண்டியை உண்மையில் காப்பது சத்தம் போடாத இம்மொபிலைசர். சாவியின் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சிப் இருக்கிறது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள், குறைந்த அதிர்வெண் அலையால் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. வண்டி ஓர் எண்ணை அனுப்பும். சிப் தன்னிடமுள்ள ரகசியக் குறியீட்டைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். விடை பொருந்தினால்தான் இஞ்சின் ஓட அனுமதி கிடைக்கும். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்தாலும் கார் கிளம்புவதும், கடைத்தெருவில் வெட்டிய நகல் சாவி கதவைத் திறந்தும் இஞ்சினை ஓட்ட முடியாமல் தோற்பதும் இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தின் திருட்டுக் கணக்குகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், இம்மொபிலைசரால் கார் திருட்டு ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள்.

பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ரிமோட் தன் குறியீட்டை மாற்றிக்கொள்வதால், ஒருமுறை பதிவு செய்த அலையைத் திரும்ப ஒலிபரப்பிக் கதவைத் திறப்பது கடினம். சட்டைப்பையில் இருந்தபடியே வேலை செய்யும் சாவிகளில் வேறொரு ஓட்டை இருந்தது. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை இரு கருவிகள் வழியே காருக்குக் கடத்தலாம் என்று சூரிச் ஆய்வாளர்கள் 2011-ல் காட்டினார்கள். சோதித்த 10 மாடல்களும் ஏமாந்தன.

ஆனால் ஓசூரை அடுத்த தேன்கனிக்கோட்டைச் சாலைகளில் கார்களைவிட பைக்குகளே அதிகம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்குப் போகிறவர்களின் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு ஹேண்டில் லாக்கும் சாதாரண இக்னிஷன் பூட்டும்தான் காவல். ஓசூரிலேயே தயாராகும் டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் போன்ற மின்சார ஸ்கூட்டர்கள் இன்னொரு வழியில் போகின்றன: நிறுத்திய வண்டி அசைந்தால் உள்ளிருக்கும் சென்சார் உணர்ந்து, சிம் கார்டு வழியே உரிமையாளரின் செல்போனுக்குச் செய்தி அனுப்பும், இருக்குமிடத்தையும் காட்டும். செல்போன் கோபுரம் எட்டாத காட்டுச் சாலையில் அந்தச் செய்தி வந்து சேராது. தளியைத் தாண்டினால் கர்நாடகம். தேடும் வேலை இரண்டு மாநிலக் காவல்துறையின் கைக்குப் போய்விடும். வண்டியைக் கிளம்பவே விடாத பூட்டு இந்தப் பக்கத்து பைக்குகளுக்கு அவசரத் தேவை.

இம்மொபிலைசர் உள்ள வண்டியின் சாவி தொலைந்தால், அதன் பதிவை வண்டியின் நினைவிலிருந்து சர்வீஸ் சென்டரில் அழிக்கச் செய்யலாம். பிறகு அந்தச் சாவியால் இஞ்சின் ஓடாது. இரண்டாவது சாவியை வண்டிக்குள் வைக்காமல் வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். வண்டி திருடுபோய் இழப்பீடு கேட்கும்போது, காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக இரண்டு அசல் சாவிகளையும் கேட்கின்றன.