பலஸ்தீனம்: பட்டினியைத் தடுத்த உதவியும் ஆட்சியை முடக்கிய நிபந்தனையும்

2006 ஜனவரி 25 ஆம் நாள் நடைபெற்ற பலஸ்தீன சட்டசபைத் தேர்தலில் மொத்தம் 132 ஆசனங்களில் 74 ஐ ஹமாஸ் கைப்பற்றியது. தேர்தல் நேர்மையாக நடந்தது என்பதைச் சர்வதேச கண்காணிப்பாளர்களும் ஏற்றுக்கொண்டனர். ஆனால், அந்தத் தீர்ப்பை உலகின் வல்லரசுகளால் ஜீரணிக்க முடியவில்லை.

ஐந்தே நாட்களில் ஐக்கிய அமெரிக்கா, ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. ஆகியவற்றைக் கொண்ட நால்வர் அணி மூன்று நிபந்தனைகளை முன்வைத்தது. புதிய அரசு வன்முறையைக் கைவிட வேண்டும். இஸ்ரேலை அங்கீகரிக்க வேண்டும். முன்னைய உடன்படிக்கைகளை ஏற்க வேண்டும். ஹமாஸ் இணங்கவில்லை. ரஷ்யா மட்டும் மார்ச் மாதம் ஹமாஸ் குழுவினரை மொஸ்கோவுக்கு அழைத்துப் பேசியது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஏப்ரலில் பலஸ்தீன அதிகார சபைக்கான நேரடி நிதியை நிறுத்தின.

அதைவிடப் பெரிய அடி வேறொரு பக்கத்திலிருந்து விழுந்தது. 1994 ஆம் ஆண்டின் பாரிஸ் பொருளாதார உடன்படிக்கையின்படி, பலஸ்தீனப் பகுதிகளுக்குள் செல்லும் பொருட்களுக்கான சுங்கத் தீர்வையையும் பெறுமதி சேர் வரியையும் இஸ்ரேலே அறவிட்டு, மாதந்தோறும் அதிகார சபையிடம் ஒப்படைக்க வேண்டும். மாதம் 50 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட இந்தப் பணத்தை இஸ்ரேல் தடுத்து வைத்தது. இது எவரும் வழங்கிய நன்கொடையல்ல. பலஸ்தீனரின் சொந்த வரிப்பணம்.

அரபு நாடுகள் கொடுக்க முன்வந்த பணமும் உள்ளே போக முடியவில்லை. அமெரிக்காவின் பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்கு அஞ்சிய வங்கிகள் பணமாற்றத்துக்கு மறுத்தன. வெளிவிவகார அமைச்சர் மஹ்மூத் அல் சஹார் 2006 ஜூனில் சுமார் 20 மில்லியன் டொலரைப் பெட்டிகளில் அடைத்து ரஃபா எல்லை வழியாகக் கொண்டுவர நேர்ந்தது.

அதிகார சபையிடம் ஏறத்தாழ 160,000 ஊழியர்கள் வேலை செய்தனர். ஆசிரியர், தாதியர், வைத்தியர், பொலிஸார் என இவர்களது சம்பளத்தை நம்பி வாழ்ந்தோர் சனத்தொகையின் கால்வாசிக்குக் குறையாது. நிலைமை நீடித்தால் அவ்வாண்டின் இறுதிக்குள் வறுமை 67 வீதத்தை எட்டலாம் என உலக வங்கி மார்ச் மாதத்திலேயே எச்சரித்தது.

பட்டினி தலைதூக்கினால் பழி தம்மீதும் விழும் என்பதை உதவி வழங்கும் நாடுகள் உணர்ந்தன. சம்பளம் வழங்க உலக வங்கியின் கீழ் நிதியமொன்றை அமைக்கலாம் என பிரெஞ்சு ஜனாதிபதி சிராக் யோசனை கூறினார். வோஷிங்டன் அதை விரும்பவில்லை. மே 9 ஆம் நாள் நியூயோர்க்கில் கூடிய நால்வர் அணி, ஐரோப்பிய ஒன்றியம் ஒரு தற்காலிகப் பொறிமுறையை வகுக்க இணங்கியது. ஜூன் மாதத்தில் அது அங்கீகரிக்கப்பட்டது.

அந்தப் பொறிமுறைக்கு மூன்று வாயில்கள் இருந்தன. முதலாவது, உலக வங்கி ஊடாக வைத்தியசாலைகளுக்கான மருந்தும் பொருட்களும். இரண்டாவது, மின்சாரம், குடிநீர் மற்றும் வைத்தியசாலை மின்பிறப்பாக்கிகளுக்கான எரிபொருள். மூன்றாவது, சுகாதார ஊழியருக்கும் வறிய குடும்பங்களுக்கும் நேரடிக் கொடுப்பனவு. அமைச்சர்களின் கையில் ஒரு சதமும் படாமல் பணம் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதே இதன் சாரம்.

இந்த ஏற்பாடு பலரது உயிரைக் காத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொடுக்கப்பட்டது சம்பளமல்ல, ஒரு படி மட்டுமே. செப்டெம்பரில் ஆசிரியர்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்க, பாடசாலைகள் மூடப்பட்டன. இங்கே ஒரு முரண் தெரிகிறது. ஐரோப்பா 2006 இல் பலஸ்தீனருக்கு வழங்கிய மொத்த உதவி 2005 ஐவிட அதிகம். ஆயினும் மக்கள் முன்னரிலும் ஏழைகளாயினர். மறிக்கப்பட்ட வரிப்பணத்தையும் மூடப்பட்ட எல்லைக் கடவைகளையும் நிவாரணத்தால் ஈடுசெய்ய முடியவில்லை.

2007 ஜூனில் ஹமாஸ் காசாவைக் கைப்பற்ற, மேற்குக்கரையில் சலாம் ஃபயாத்தின் தலைமையில் வேறொரு அரசு அமைந்தது. உடனே தடைகள் தளர்ந்தன. வரிப்பணமும் வரத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் மாநாட்டில் 7 பில்லியன் டொலருக்கு மேல் வாக்குறுதி அளிக்கப்பட்டது. காசாவோ முற்றுகைக்குள் தள்ளப்பட்டது.

ஆக, பணம் இல்லாமல் எவரும் தவிக்கவில்லை. பணத்தின் வழி மறிக்கப்பட்டதால்தான் தவித்தார்கள். மனிதாபிமான உதவி ஒரு மக்களைச் சாகவிடாமல் தடுக்கலாம். அவர்கள் தம் காலில் நிற்பதற்கு வேண்டிய அரசியல் தீர்வை அதனால் கொடுக்க முடியாது. அந்தத் தீர்வைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு உதவியே ஒரு வசதியான மறைப்பாகவும் ஆகிவிடுகிறது.