சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

விடியற்காலை நாலு மணிக்கு என் அப்பா, "மணியார்டர் எல்லாம் எண்ணியாச்சா?" என்று கேட்டார்.

அவர் போஸ்ட் மாஸ்டர் வேலையிலிருந்து ரிடையராகிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏதோ கனவு என்று நினைத்து, லீவுக்கு ஊருக்கு வந்திருந்த நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அம்மாதான் எழுந்து லைட்டைப் போட்டாள். மாதமோ மார்கழி, ஃபேன்கூட ஓடவில்லை. அப்பாவின் பனியன் பிழிந்தால் சொட்டும் போல நனைந்திருந்தது. விரலில் குத்தி மெஷினில் பார்த்தோம். 42.

சர்க்கரை ஏறினால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆபீஸ் நண்பர்களே, இது பேங்க் அக்கவுன்ட் மாதிரி. மினிமம் பாலன்ஸ் 70. அதற்குக் கீழே போனால் பேங்கில் அபராதம் போடுவார்கள். இங்கே ஆளையே தூக்கிவிடும். நல்லவேளை, அப்பாவுக்கு விழுங்கத் தெம்பு இருந்தது. அம்மா சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினாள். (நினைவில்லாதவருக்கு இதைச் செய்யக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.) ஆட்டோ, ஆஸ்பத்திரி, கையில் க்ளூகோஸ் பாட்டில். ஆறு மணிக்கு அப்பா என்னைப் பார்த்து, "நீ எப்படா வந்தே?" என்றார். முந்தின நாள் ராத்திரி என்னோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டவர்.

டூட்டி டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "இன்சுலின் 30 யூனிட்டா? கொஞ்சம் ஜாஸ்திதான். குறைச்சிடலாம்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்த கட்டிலில் ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

அப்போது ட்ரிப்ஸைச் சரிசெய்துகொண்டிருந்த சிஸ்டர் கேட்டார்: "அம்மா, ஐயாவுக்குப் போடுற சிரிஞ்ச்... மூடி என்ன கலரு?"

இது என்ன கேள்வி? ஜாக்கெட்டுக்கு மேட்சிங்கா பார்க்கப் போகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். சிவப்பு.

"இதுக்கு முன்னாடியும் சிவப்புதானா?"

அம்மா யோசித்தாள். "இல்லம்மா. கடையில ஸ்டாக் இல்லைன்னு ரெண்டு மாசமா ஆரஞ்சு மூடி குடுத்தாங்க. நேத்து சாயந்திரம்தான் சிவப்பு வந்துச்சு."

சிஸ்டர் பேஷன்ட் சார்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பினார். பேனாவை எடுத்தார். நான் பி.காம். டெபிட், கிரெடிட்டில் பத்து வருஷம் உழன்றவன். அந்தப் பெண் ஐந்து வரியில் போட்ட கணக்கைப் போல் ஒரு கணக்கு எனக்கு யாரும் போட்டுக் காட்டியதில்லை.

விஷயம் இதுதான். நம் நாட்டில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் 'யூ-40'. அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பேனா மாதிரிக் கருவியில் வரும் இன்சுலினும், சில புதிய ரகப் பாட்டில்களும் 'யூ-100'. ஒரு மில்லியில் 100 யூனிட். யூ-100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டு சிரிஞ்சும் ஒரே உயரம், ஒரே குண்டு, இரட்டைப் பிறவிகள். கோடுகள் மட்டும் வேறு. அமெரிக்காவில் 1970-களிலேயே எல்லோரும் யூ-100-க்கு மாறி இந்தக் குழப்பத்துக்குப் பெரும்பாலும் முழுக்குப் போட்டார்கள். நாம் இரண்டையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறோம்.

அப்பாவுக்கு முதலில் எழுதிக் கொடுத்தது 20 யூனிட், காலையும் ராத்திரியும். பாட்டில் யூ-40. ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி. யூ-40 மருந்தில் அது 8 யூனிட்தான். அப்பா இரண்டு மாதம் 8 யூனிட் போட்டுக்கொண்டு, 20 போடுவதாக நோட்டில் எழுதி வந்திருக்கிறார். சர்க்கரை ஏறியது. டாக்டர் 24 ஆக்கினார். இன்னும் ஏறியது. 30 ஆக்கினார். ஆரஞ்சு சிரிஞ்சில் 30 என்றால் நிஜத்தில் 12. முந்தின நாள் சாயந்திரம் சிவப்பு மூடி வந்து சேர்ந்தது. அப்பா யோக்கியமாக 30 இழுத்தார். இந்த முறை நிஜமாகவே 30.

ஒரே ராத்திரியில் 12-லிருந்து 30. மணியார்டர் எண்ணாமல் என்ன செய்வார்?

டாக்டர் சரி. அப்பா சரி. கடைக்காரரும் தன் கணக்கில் சரி. சிரிஞ்ச் கேட்டார்கள், சிரிஞ்ச் கொடுத்தார். எல்லா என்ட்ரியும் சரியாக இருந்து பாலன்ஸ் ஷீட் மட்டும் ஆளைக் கொல்லப் பார்த்தது.

"உங்களுக்கு எப்படி சிஸ்டர் தோணுச்சு?" என்றேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி சுகர் ட்ரெயினிங்னு ரெண்டு நாள் அனுப்பினாங்க சார். அங்கதான் சொன்னாங்க." கொஞ்சம் தயங்கி, குரலை இறக்கினார். "எட்டு வருஷமா இன்சுலின் போடறேன். மூடிக் கலருக்கு அர்த்தம் இருக்குன்னு அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியாது."

அப்பா இரண்டு மாதம் முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கை நான் போட்டுப் பார்க்கவில்லை.

* * *

டாக்டர்கள் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதற்கு விதியே இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் ஒழுங்கு விதிகள், ஐந்து வருஷத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி என்கின்றன. வகுத்துப் பார்த்தேன். வருஷத்துக்கு 6 மணி. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம்! அதுவும் சர்க்கரைக்கு மட்டுமல்ல, மொத்த உடம்புக்கும் சேர்த்து.

சர்க்கரை வியாதியோ சும்மா இருக்கிற வியாதி இல்லை. 1997 வரை வெறும் வயிற்றில் 140 இருந்தால்தான் சர்க்கரைக்காரர். அந்த வருஷம் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது. ஒரு துளி ஜிலேபிகூடச் சாப்பிடாமல் லட்சக்கணக்கானவர்கள் நோயாளி ஆனார்கள். அந்தச் சங்கம் வருஷா வருஷம் ஜனவரியில் சிகிச்சை முறைகளைத் திருத்தி வெளியிடுகிறது. நம் வீட்டுக்குப் பாம்புப் பஞ்சாங்கம் வருகிற மாதிரி.

இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்தில் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலோடு காய்ச்சிப் பார்ப்பார்கள். நீலம் என்றால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் தாத்தாவுக்கு உருளைக்கிழங்கு கட். இப்போது டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று மாத்திரைகள் வந்திருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதுதான் இவற்றின் வேலையே. பழைய பாடத்தோடு நின்றுபோன ஒருவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால், 'ஐயோ, நாலு பிளஸ்!' என்று பதறி, மருந்தைக் கூட்டி, ஆளை 42-க்கு அனுப்பிவைக்கலாம். இந்த மாத்திரைகளைப் பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே டாக்டர் சொல்படி நிறுத்த வேண்டும் என்பது இன்னொரு புதுப் பாடம். நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாதபோதே ரத்தம் அமிலமாகிப் போகிற விபரீதம் உண்டு. தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற சிஸ்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டாமா?

கற்றுக் கொடுக்க நமக்கு ஆள் இல்லாமல் இல்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் 1948-லேயே டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் தனி ஆஸ்பத்திரியே வந்தது. 2010-ல் அவர் மகன் டாக்டர் மோகனின் கல்வி மையமும் இந்தியப் பொதுச் சுகாதார அறக்கட்டளையும் சேர்ந்து, ஊர் ஊராக எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு, மொத்தம் பன்னிரண்டு வகுப்பு என்று ஒரு சான்றிதழ்ப் படிப்பு ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்த டாக்டர்களுக்கு என் வணக்கம்.

வேறு வகைக் கல்வியும் உண்டு. மெடிக்கல் ரெப் நண்பன் ஒருவன் புண்ணியத்தில் ஒரு ஸ்டார் ஹோட்டல் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஏ.ஸி. குளிரில் இருபது நிமிஷம் ஸ்லைடு. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று பேசி முடித்ததும் பஃபேயில் க்யூ நின்றது, குலோப் ஜாமூனுக்கு! 2024 மார்ச்சில் வந்த மருந்துக் கம்பெனிகளுக்கான நடத்தை விதி, இந்த மாதிரிக் கூட்டங்களை வெளிநாட்டில் நடத்தக் கூடாது என்றுவிட்டது. கணையத்தைப் பற்றிப் பட்டாயா கடற்கரையில்தான் நன்றாகப் புரியும் என்றிருந்தவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

ஆனால் என் கவலை பட்டாயா இல்லை. அப்பா ஒரு நாளைக்கு இரண்டு ஊசி, வருஷத்துக்கு 730 ஊசி. அதில் ஒன்றைக்கூட டாக்டர் போடுவதில்லை. 2023-ல் வெளியான ஐ.ஸி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை. அவர்களில் ஊசிக்காரர்களின் மருந்து நர்ஸ், கம்பவுண்டர், கடைக்காரர் என்று எத்தனை கை மாறி வயிற்றுக்குள் போகிறது! பாடம் மட்டும் முதல் கையோடு நின்றுவிடுகிறது.

* * *

"நீங்க பத்திரிகையில எழுதறவர்தானே? எங்க வகுப்பை ஒரு நாள் வந்து பாருங்க" என்று சிஸ்டர்தான் சொல்லியிருந்தார். போனேன்.

ஒரு கல்யாண மண்டபத்து மாடி. நாற்பது பேர் இருக்கும். நர்ஸ்கள், மருந்துக் கடைக்காரர்கள், லேப் டெக்னீஷியன்கள், மூலையில் கதர்ச் சட்டையில் ஒரு வயதான கம்பவுண்டர். ஒருத்தர் கடைக்கு ஷட்டர் போட்டுவிட்டு வந்திருந்தார். நர்ஸ்கள் இரண்டு பேர் நைட் டூட்டி முடித்து நேராக வந்திருந்தார்கள்.

பாடம் எடுத்த அம்மா டாக்டர் முதலில் எதுவும் பேசவில்லை. எல்லோருக்கும் ஒரு சிரிஞ்ச், ஒரு பாட்டில் தண்ணீர். "இது யூ-40 இன்சுலின்னு வச்சுக்குங்க. 20 யூனிட் எடுங்க." எல்லோரும் எடுத்தார்கள். "பக்கத்துல இருக்கவங்களோட சிரிஞ்சைப் பாருங்க." பாதிப் பேர் கையில் சிவப்பு, பாதிப் பேர் கையில் ஆரஞ்சு. ஒருவரிடம் இருந்ததில் பாதிகூட இன்னொருவரிடம் இல்லை. ஹால் அமைதியாகிவிட்டது.

"ஆரஞ்சுக்காரங்க பேஷன்டைப் பட்டினி போட்டீங்க. இதே சிவப்பு சிரிஞ்சை எடுத்து யூ-100 பாட்டில்ல 20 கோடு வரைக்கும் இழுத்திருந்தா எவ்வளவு போயிருக்கும், யாராவது சொல்லுங்க."

கடைக்காரர் ஒருவர் கால்குலேட்டரைத் தட்டினார். "அம்பதும்மா." அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு எதைக் கொடுத்தோமோ என்று அவர் மனசு பின்னோக்கி ஓடியிருக்க வேண்டும்.

அடுத்து, அவரவர் வயிற்றில் அவரவரே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து இல்லை, சுத்தமான உப்புநீர்தான். பெண்கள் சட்டென்று போட்டுக்கொண்டார்கள். அருவாள் மீசை வைத்த கடைக்காரர் ஒருவர் மட்டும் கண்ணை மூடி, பல்லைக் கடித்து, ஊசியோடு ஐந்து நிமிஷம் பேச்சுவார்த்தை நடத்தினார். குத்தியதும், "இவ்வளவுதானா! இருபத்தஞ்சு வருஷமா விக்கிறேன், இன்னிக்குத்தான் வாங்குறேன்" என்றார். ஹாலே சிரித்தது. நாளைக்கு ஊசிக்குப் பயந்து ஒரு கிழவர் கடை வாசலில் நின்றால் இந்த மீசை சொல்கிற ஆறுதலுக்கு எடை அதிகம்.

அங்கே கேட்டதில் ஒன்றை அப்பாவிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் அங்கே வலி குறையும். வலிக்கவில்லை என்பதால் அங்கேயே குத்துவார்கள். நாளடைவில் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே போடும் மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது. அதனால் தினமும் ஒரு விரற்கடையாவது தள்ளித்தான் போட வேண்டும். "கண்ணால பார்க்காதீங்க, கையால தடவிப் பாருங்க" என்றார் டாக்டரம்மா. அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாண்டா, எலுமிச்சம்பழம் மாதிரி ரெண்டு இருக்கு" என்றார். இந்தக் கட்டியை இதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

மத்தியானம் எலுமிச்சை சாதம், தயிர் சாதம். குலோப் ஜாமூன் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாதம். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் நரம்பு. அதைப் பாதத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பது. தெரியவில்லை என்றால் உணர்ச்சி போய்விட்டது. முள் குத்தினாலும் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். "இதெல்லாம் இல்லாட்டியும் பரவாயில்லை. செருப்பைக் கழட்டச் சொல்லிக் காலைப் பாருங்க. அவ்வளவுதான் பாடம்."

கதர்ச் சட்டை கம்பவுண்டர் எழுந்தார். "அம்மா, எங்க டாக்டர் ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கறார். ஒவ்வொருத்தர் காலையும் எங்கேருந்து பார்க்கறது?"

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "டோக்கன் குடுக்கறது யாரு?"

"நான்தான்."

"அப்போ டோக்கன் குடுக்கறப்ப நீங்க பாருங்கய்யா."

அவர் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார்.

இந்த மாதிரி வகுப்புகள் நடக்கத்தான் செய்கின்றன. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக பி.பி., சுகர் பார்க்க அனுப்பினார்கள். நல்ல யோசனை. ஆனால் வகுப்புக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும், கடை அடைத்தால் வியாபாரம் போகும் என்கிறபோது, சொந்தச் செலவில் வந்து படிக்க எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? டாக்டருக்கு 30 மணி நேரம் என்று எழுதியவர்கள், சிரிஞ்சைப் பிடிக்கிற கைக்குச் சம்பளத்தோடு ஒரு நாளாவது எழுதி வைக்கலாம்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு சிரிஞ்ச் வாங்க அதே கடைக்குப் போனேன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். புதுப் பையன். அரும்பு மீசை. நான் கேட்டதும் அலமாரியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தான். ஆரஞ்சு.

"தம்பி, பாட்டில் யூ-40. சிவப்பு மூடி குடு."

"எல்லாம் ஒண்ணுதாண்ணே."

எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். பரவாயில்லை என்று அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சிஸ்டர் போட்ட அதே ஐந்து வரிக் கணக்கைப் போட்டேன். பையன் குனிந்து பார்த்தான். ஆரஞ்சு சிரிஞ்சையும் சிவப்பு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோடுகளை எண்ணினான்.

"அப்போ காலையில ஒரு ஆயா வாங்கிட்டுப் போச்சே..." என்று நிமிர்ந்தவன், கல்லாவைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "ஒரு நிமிஷம் பாத்துக்குங்கண்ணே" என்று சைக்கிளை எடுத்தான்.