மஞ்சள் விளக்கு எரிந்தால் எதை மாற்றுவது?

இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பாதைகளில் இரண்டு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய வேன்களும் கார்களும் இன்றும் உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இவற்றில் மஞ்சள் 'செக் எஞ்சின்' விளக்கு எரிந்தால் கராஜில் ஸ்கேனரை மாட்டுகிறார்கள். ஒரு குறியீடு வருகிறது. அதில் பெயர் வந்த சென்சரை மாற்றுகிறார்கள். பல வேளைகளில் விளக்கு சில நாட்களில் மறுபடி எரிகிறது. குறியீடு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம்.

எஞ்சின் கணினிக்கு எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாது. ஓர் அளவீடு எல்லை மீறி நிற்கிறது என்பதை மட்டுமே அது பதிகிறது. பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோம். எரிபொருள் கலவையில் காற்று மிகுந்திருக்கிறது என்பது அதன் பொருள். அதைக் கண்டு சொன்னது புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர். செய்தி சொன்ன சென்சரையே குற்றவாளியாக்கி மாற்றினால், புதியதும் அதே செய்தியைத்தான் சொல்லும். உண்மையில் காய்ந்து வெடித்த ஒரு ரப்பர் ஹோஸ் வழியே கணக்கில் வராத காற்று புகுந்திருக்கலாம். பெற்றோல் பம்ப் தளர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஸ்கேனரிலேயே வழி உண்டு. கணினி எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்று அது காட்டும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்தச் சதவீதம் உயர்ந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும் இறங்கினால் காற்றுக் கசிவைத் தேட வேண்டும். ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது உயர்ந்தால் பம்பையும் வடிகட்டியையும் காற்றளவு சென்சரையும் பார்க்க வேண்டும். அதேபோல, முதல் சிலிண்டரில் எரிப்புத் தவறுவதாக பி0301 வந்தால், அதன் கொயிலை இரண்டாவதற்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். குறியீடு பி0302 ஆகிவிட்டால் பழுது கொயிலில்தான். இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

மலைநாட்டில் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால், அழுத்த சென்சர் கொழும்பில் 100 கிலோபாஸ்கலையும் நுவரெலியாவில் 80 கிலோபாஸ்கலையும் ஒட்டிக் காட்ட வேண்டும். கொழும்பின் அளவை மனத்தில் வைத்திருப்பவருக்கு நல்ல சென்சரும் கெட்டதாகத் தெரியும். நுவரெலியாவில் நின்று 100 காட்டும் சென்சரைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூடுபனியின் ஈரமும் கொயிலிலும் வயர் இணைப்புகளிலும் இறங்கும். குறியீடு பதிந்த கணத்தின் வேகம், வெப்பம், பாரம் ஆகியவற்றையும் கணினி சேமிப்பதால், கோளாறு குளிர்ந்த எஞ்சினில் வந்ததா, ஏற்றத்தில் வந்ததா என்பதை அந்தப் பதிவிலிருந்து அறியலாம்.

வாடகை வேன் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும், சோதிக்க நேரமேது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தவறான சென்சரை மாற்றினால் அதன் விலையும் போய், வண்டி இன்னொரு நாளும் நிற்கும். குறியீட்டை அழித்தால் விளக்கு அணைகிறதே என்பார்கள். அதோடு அந்தக் கணத்தின் பதிவும் அழிந்துவிடும். விளக்கு மினுங்கினால் அழிப்பது ஆபத்து: எரியாத பெற்றோல் புகைக்குழாயின் வினையூக்கியைச் சுட்டுக் கெடுக்கும் என்ற எச்சரிக்கை அது, வண்டியை நிறுத்த வேண்டும். பழைய வண்டியில் ஸ்கேனரை மாட்ட வழியில்லையே என்போருக்கும் பதில் உண்டு. 1990களின் டொயோட்டாக்கள் பலவற்றில், எஞ்சின் பகுதியிலுள்ள சோதனைப் பெட்டியின் டிஇ1, இ1 முனைகளைக் கம்பியால் இணைத்தால் விளக்கே மினுங்கி எண்ணைச் சொல்லும். அனுபவமுள்ள பாஸின் காதும் கையும் இங்கே தேவையற்றுப் போகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று குறியீடு காட்டும். ஹோஸின் வெடிப்பைக் கண்டுபிடிப்பது அவர்தான்.

எனவே சென்சருக்குப் பணம் கொடுக்குமுன் உரிமையாளர் ஒன்றைக் கேட்க வேண்டும்: இது கெட்டது என்று எந்தச் சோதனை காட்டியது? குறியீட்டின் எண்ணை மட்டும் பதிலாகச் சொன்னால் சோதனை இன்னும் முடியவில்லை என்று அறிந்து, பணத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.