பசலிக் கணக்கும் ஏஐ உதவியாளரும்

விரிதாள் என்பது கட்டங்களால் ஆன கணக்கேடு. ஒரு கட்டத்தில் எண் இருக்கலாம், பெயர் இருக்கலாம், தேதி இருக்கலாம். மற்றக் கட்டங்களைப் பார்த்துத் தானே விடை போட்டுக்கொள்ளும் ஃபார்முலாவும் இருக்கலாம். எக்செல், கூகுள் ஷீட்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. செயற்கை நுண்ணறிவால், அதாவது ஏஐயால் இயங்கும் உதவியாளர், வழக்கமான தமிழில் சொன்ன தேவையைப் புரிந்துகொண்டு அதற்கான ஃபார்முலாவை எழுதித் தருகிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட், கிளாட் போன்றவை இன்று இந்த வேலைக்குப் பயன்படுகின்றன.

கணினி விரிதாளைப் பரவலாக்கியது, டேன் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் உருவாக்கி 1979இல் வெளிவந்த விசிகால்க். ஓர் எண்ணைத் திருத்தினால் அதைச் சார்ந்த எல்லாக் கணக்கும் உடனே திருந்தும் என்பதே அதன் புதுமை. எக்செல் 1985இல் வந்தது. 2013 பதிப்பில் சேர்ந்த ஃபிளாஷ் ஃபில் வசதி, ஓரிரு எடுத்துக்காட்டுகளைப் பார்த்து மீதிக் கட்டங்களைத் தானே நிரப்பியது. அதற்கு அடிப்படையான ஆய்வைச் செய்தவர் கான்பூர் ஐஐடியில் படித்த சுமித் குல்வானி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, எடுத்துக்காட்டு தரவேண்டிய தேவையும் குறைந்தது. தேவையை வாய்மொழி போலச் சொன்னாலே போதும் என்ற நிலை வந்தது.

விரிதாள் வேலையில் நேரம் எங்கே போகிறது என்பதைக் காண மஞ்சக்குப்பம் நல்ல இடம். கடலூர் மாவட்ட நிர்வாகத்தின் அலுவலகங்களும், அவற்றை நம்பி நடக்கும் தட்டச்சு, ஜெராக்ஸ் கடைகளும் நெருங்கியிருக்கும் பகுதி இது. மாவட்டத்தில் வருவாய் வட்டங்கள் 10. ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு பட்டியல் வந்து, அவை ஒன்றாகச் சேர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கூட்டல் கழித்தல் சில விநாடிகளில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வேலைதான் பாதி நாளைத் தின்னும். ஒரு பட்டியலில் விருத்தாசலம், இன்னொன்றில் விருதாச்சலம். ஒன்றில் காட்டுமன்னார்கோயில், இன்னொன்றில் காட்டுமன்னார்கோவில். பெயருக்கு முன் இன்ஷியல் போட்டவர் ஒருவர், பின்னால் போட்டவர் ஒருவர். மனிதக் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இவை விரிதாளுக்கு வெவ்வேறு ஊர், வெவ்வேறு ஆள்.

ஏஐ உதவியாளரின் முதல் பயன் இந்தச் சீர்படுத்தலில்தான். ஓரிரு எழுத்து மாறிய பெயர்களைச் சாதாரண மென்பொருளும் ஓரளவு கண்டுபிடிக்கும். ஸ்ரீமுஷ்ணமும் திருமுட்டமும் ஒரே ஊர் என்பதை எழுத்துகளை ஒப்பிட்டு அறிய முடியாது. ஏராளமான எழுத்துகளைப் படித்துப் பயின்ற ஏஐ, அந்த உறவைப் பெரும்பாலும் அறிந்திருக்கும். அதே திறமை ஆபத்தாகவும் முடியலாம். மேல்புவனகிரியும் கீழ்புவனகிரியும் ஒன்றே என்று அது இணைத்துவிட்டால், இரண்டு ஊர்க் கணக்கு ஒன்றாகிவிடும். அதனால், பெயர்களை நேரடியாக மாற்றச் சொல்லாமல், பழைய பெயர் ஒரு பக்கம், பரிந்துரைக்கும் பெயர் மறுபக்கம் என்று ஒரு பெயர்ப் பட்டியல் கேட்பதே பாதுகாப்பானது. உள்ளூரை அறிந்தவர் அதைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, ஒரு பட்டியலில் தேடி இணையானதை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா மூலம் முழுப் பட்டியலையும் மாற்றலாம்.

இரண்டாவது பயன், ஃபார்முலா எழுதுவது. இங்கே கேட்கும் முறை முக்கியம். வருவாய்த் துறையின் பசலி ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பசலி ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434ஆம் பசலி. “தேதியைப் பசலி ஆண்டாக மாற்று” என்று மட்டும் கேட்டால், ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்கும் ஃபார்முலா வந்துவிடக்கூடும். ஜூலை முதல் டிசம்பர் வரை அது சரி. ஜனவரி முதல் ஜூன் வரை 591ஐக் கழிக்க வேண்டும் என்பதால், பாதி ஆண்டுக் கணக்கு ஒரு பசலி தள்ளிப் போய்விடும். தேதி எந்த நெடுவரிசையில் இருக்கிறது, பசலி எந்த மாதம் தொடங்குகிறது, விடை எப்படி வர வேண்டும் என்ற மூன்றையும் சொல்லி, சரியான விடையுடன் இரண்டு தேதிகளையும் கொடுத்தால் இந்தப் பிழை நேர வாய்ப்பு குறைவு. 30.6.2025க்கு 1434, 1.7.2025க்கு 1435 வர வேண்டும். எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நிற்கும் தேதிகளே நல்ல சோதனை.

மூன்றாவது பயன், விளக்கம். வேறொருவர் எழுதிவிட்டுப் போன நீண்ட ஃபார்முலா என்ன செய்கிறது, ஒரு கட்டத்தில் விடைக்குப் பதில் பிழைக்குறி ஏன் வருகிறது என்று கேட்டால் படிப்படியாகச் சொல்லும். மாதந்தோறும் ஒரே மாதிரி செய்யும் வேலைக்கு, அந்தப் படிகளைத் தானே செய்துமுடிக்கும் மேக்ரோவும் எழுதித் தரும்.

ஃபார்முலா சரியாக இருந்தும் விடை தவறுவதற்குத் தரவே காரணமாகலாம். 05/07/2025 என்பது இங்கே ஜூலை 5. கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அதை மே 7 என்று எடுத்துக்கொள்ளும். பசலியும் 1435க்குப் பதில் 1434 ஆகிவிடும். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொள்ளும். அதைவிட நீண்ட வங்கிக் கணக்கு எண்ணை வெறும் எண்ணாகத் தட்டினால், மிஞ்சிய இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யமும் மறைந்துவிடும். இப்படி இழந்ததை எந்த ஏஐயாலும் மீட்க முடியாது. அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவைப்பதே வழி. பழைய கோப்புகளில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் இருந்தால், அதையும் முதலில் யூனிகோடாக்கிக்கொள்ள வேண்டும்.

ஏஐ உதவியாளர் நேரடிக் கூட்டலில் தடுமாறலாம்; அதன் அமைப்பே அதற்குக் காரணம். அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்துக் கணித்தே அது விடை எழுதுகிறது. நீண்ட பட்டியலை ஒட்டி “மொத்தம் என்ன?” என்று கேட்டால், சரியானதைப் போலத் தோன்றும் தவறான எண்ணையும் தயங்காமல் தரும். கூட்டுவதற்கான ஃபார்முலாவைக் கேட்டு வாங்கினால், கூட்டுவது எக்செல்லின் வேலையாகிவிடும். ஃபார்முலாவை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், நாளைக்கும் அதே விடை வரும். சில உதவியாளர்கள் பைத்தான் நிரல் எழுதி, அதை இயக்கி விடை சொல்கின்றன. அது ஊகத்தைவிட நம்பகமானது என்றாலும் நிரலும் சோதனைக்கு உரியதே.

கோப்பில் உள்ளவர்களின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும். மனுதாரரின் பெயர், ஆதார் எண், கைபேசி எண் அடங்கிய பட்டியலை ஏஐ சேவையில் ஏற்றினால், அது அலுவலகத்தை விட்டு வெளியே போகிறது. தனிநபர் தரவுகளைக் காக்க இந்தியாவில் 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் இத்தகைய ஏஐ கருவிகளைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. ஃபார்முலா கேட்பதற்கு உண்மையான பட்டியல் தேவையே இல்லை. தலைப்பு வரிசையும், கற்பனைப் பெயர்களுடன் நான்கைந்து வரிகளும் போதும். வந்த ஃபார்முலாவை உண்மையான கோப்பில் கையால் ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசி வேலை சரிபார்ப்பு. 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பயன்படுத்திய பழைய எக்செல் கோப்பு வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காததால், 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின. உள்ளே போன வரிகளையும் வெளியே வந்த வரிகளையும் எண்ணியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வருவாய்த் துறையின் ஜமாபந்தியும் ஒரு சரிபார்ப்புதான்: பசலி முடியும் வேளையில் கிராமக் கணக்குகள் வட்டத் தலைநகரில் தணிக்கை செய்யப்படுகின்றன. ஏஐ உதவியோடு செய்த விரிதாளுக்கும் அத்தகைய தணிக்கை வேண்டும். 10 வட்டங்களின் வரி எண்ணிக்கையைக் கூட்டினால் சேர்த்த பட்டியலின் எண்ணிக்கை வர வேண்டும். வட்டவாரித் தொகைகளைக் கூட்டினால் மாவட்டத் தொகை வர வேண்டும். இடையிடையே சில வரிகளை மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில்தான் வேலை நடக்க வேண்டும். பாதி நாள் வேலை அரை மணியில் முடிந்தால், மிஞ்சிய நேரத்தில் ஒரு பகுதி இந்தச் சரிபார்ப்புக்கு உரியது. பட்டியலின் அடியில் கையெழுத்திடுபவரால், தணிக்கையில் கேட்கும்போது ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடிவது இந்தச் சரிபார்ப்பால்தான்.